உதட்டில் வைத்த விரல்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். உன் கழுத்து வலி குறைந்ததா? அம்மாவுக்கு இருமல் நின்றதா?

வீட்டிலிருந்து வேலை பார்த்தது போதும் என்று ஆபீசுக்கு வரவழைத்தார்கள் அல்லவா, வந்த முதல் நாளே மானம் போயிற்று. வாடிக்கையாளரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். பின்னால் கதவு திறந்தது. பழக்க தோஷம், திரும்பிப் பார்க்காமலே உதட்டில் விரலை வைத்து "உஷ்ஷ்" என்றேன். வந்தவர் மேனேஜர்! "சரிங்க, அப்புறம் வரேன்" என்று அவர் பூனை மாதிரி திரும்பிப் போக, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இங்கே பக்கத்து நாற்காலிக்காரர்கூடக் ஹெட்போனால் காதை அடைத்துக்கொண்டு எனக்கு மெசேஜ்தான் அனுப்புகிறார். அறைக்குத் திரும்பினால் அதட்டக்கூட ஆளில்லை.

இந்தப் பக்கம் யாராவது வந்தால் இரண்டு பனியனும் தலைவலித் தைலமும் கொடுத்தனுப்பு.

சின்னவள் இன்னமும் நான் வேலை பார்த்த அந்த அறையைத் தாண்டும்போது குதிகால் தரையில் படாமல் நடக்கிறாள் என்று எழுதியிருந்தாய். கதவைத் திறந்து காட்டிவிடு. உள்ளே அப்பா இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் கத்து என்று சொல். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன். நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை, அவள் கத்தும்போது போனைப் பக்கத்தில் வை.

பஸ் வந்துவிட்டது.

உன்னவன்