மதில்மேல் வெள்ளைத்துணி

ஆகஸ்ட் 4, திங்கள்

சாயப்பட்டறையைத் திறக்கும்போதே மதில்மேல் ஈரத்துணி காய்ந்தது. பக்கத்து வீட்டு நயினார்கள் சமணர்கள். கிணற்று நீரை வெள்ளைத்துணியில் வடிகட்டாமல் குடிப்பதில்லை. என் சாயத்தண்ணீர் பின்பக்க மண்குழியில் இறங்கி அவர்கள் கிணற்றில் ஊறுகிறது. துணி தினமும் சாட்சி சொல்கிறது.

"இன்னிக்கு வாடாமல்லி கலருங்க அண்ணா," என்றாள் அந்த வீட்டு அனுபமா, மதிலுக்கு அப்பாலிருந்து. குரலில் கோபம்கூட இல்லை. குழிக்குப் போகும் குழாயை அடைத்து சிமெண்ட் தொட்டி கட்டிவிடுவதாக மறுபடியும் சொன்னேன். ஆடி முடியட்டும் என்றேன். கிறிஸ்தவனுக்கு ஆடி எதற்கு என்று என் மனைவி ஜெயப்ரியா கேட்டாள். வேதசாஸ்திரக் கேள்விகளுக்குக் காலையில் நான் பதில் சொல்வதில்லை.

ஆகஸ்ட் 6

பதினேழாம் தேதி ஆராதனையில் நான் பேச வேண்டுமாம். தலைப்பு: பைபிளின் ஓசியா தீர்க்கதரிசி, ஜனங்களின் விடாப்பிடியான கீழ்ப்படியாமை. எனக்குப் பொருத்தமாக இருக்கும் என்றார் ஆயர். என் பேச்சுத்திறனைச் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 7

துணி: ராமர் பச்சை.

ஆகஸ்ட் 9

துணி அரக்கு. நம் கலர் அட்டையை நயினார் வீட்டில் இலவசமாக மாட்டிவைக்கிறார்கள் என்று நூல் வாங்க வந்த தறிக்காரர்களிடம் சொன்னேன். சிரித்தார்கள். நூல் முக்கும் சம்பந்தம் சிரிக்கவில்லை. என்னிடம் கூலி வாங்குகிறவன், சிரித்திருக்கலாம்.

ஆகஸ்ட் 12

துணி வெள்ளை!

ஆகஸ்ட் 13

இன்றும் வெள்ளை. அனுபமாவும் மதிலுக்கு வரவில்லை. மண்ணே சாயத்தை வடிகட்டிக்கொள்கிறது போலும். எல்லாம் கிருபை. ஒன்றுமே செய்யாமல் திருந்தியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 15

பேச்சுக்காக ஓசியாவை உட்கார்ந்து வாசித்தேன். மனிதர் ஏசுகிறார், கெஞ்சுகிறார், மறுபடி ஏசுகிறார். ஜனங்கள் கேட்பதாயில்லை. ஓரிடத்தில் மட்டும், எப்பிராயீம் (அந்த ஜனங்களின் பெயர்தான்) தன் சிலைகளோடு ஒட்டிக்கொண்டான், அவனை விட்டுவிடு என்று வருகிறது. தண்டனை எங்கே? தப்பித்துக்கொண்டான் என்று குறித்துவைத்தேன்.

காபி கொண்டுவந்த ஜெயப்ரியாவிடம் வெள்ளைத்துணியின் பெருமையைச் சொன்னேன்.

"அவங்க கேன் தண்ணி வாங்கிகினு இருக்காங்க. அதத்தான் வடிகட்றாங்க. உங்ககிட்ட சொல்லிச் சொல்லி பேஜாராயிடுச்சாம்."

வெள்ளையைப் பார்த்து எனக்கு மன்னிப்பு என்று எப்படித் தோன்றியது? தேதி போட்டு எழுதியிருக்கிறேனே, கிருபையாம். படிக்கக் கூசுகிறது. மூணு வருஷமா அந்தப் பொண்ணு சொல்லிகினே இருந்தா, நான் ஜோக் அடிச்சிகினு இருந்தேன் —

எப்பிராயீம் தப்பிக்கவில்லை. அவனிடம் பேச ஆளில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. ஆராதனையில் பட்டறை, குழி, துணி எல்லாவற்றையும் சொன்னேன். சபை சிரித்தது. நான் எதைச் சொன்னாலும் சிரிக்கும்படி அவர்களைப் பழக்கியிருக்கிறேன்.

சாயங்காலம் நயினார் வீட்டுக்குப் போனேன். அனுபமா "வாங்க சார்" என்றாள். இதுவரை அண்ணாவாக இருந்தேன். அவள் கணவர் அனந்தகுமார் நாற்காலி போட்டார். நாளைக்கே குழாயை அடைக்கிறேன் என்றேன்.

"பரவால்லைங்க. நாளைக்கு கெணத்த மூட்றோம். மண்ணு லாரிக்கு சொல்லியாச்சு."

ஒரு குற்றச்சாட்டும் இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்லத் தெரியும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

விடிந்ததிலிருந்து மதிலுக்கு அப்பால் லாரி மண் கொட்டுகிறது. தொட்டி கட்டும்வரை பட்டறை ஓடாது என்று சொல்லிவிட்டு, குழாயை அடைக்கச் சொன்னேன்.

சம்பந்தம் சிமெண்டைக் குழைத்துக்கொண்டே கேட்டான். "இனிமே எதுக்குங்க? அவங்களுக்குத்தான் கெணறே இல்லியே."

அடை என்றேன்.