பாலத்துக்கு வைத்த டெஸ்ட்

அன்புள்ள சின்னவனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நலமாக இருக்கிறோம், உன் அம்மாவின் வலது முழங்கால் நீங்கலாக, அது தனிக்குடித்தனம் போன மாதிரி யார் சொல்வதையும் கேட்பதில்லை. அங்கே நீயும் உன் வயிறும் சண்டை சச்சரவு இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு தொடர்கிறேன்.

உன் உத்தியோகத்தின் பெயர் டெஸ்டிங் என்று நீ சொன்ன நாளிலிருந்து உன் மாமா, நீ இன்னும் பரீட்சை பாஸாகவில்லை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார், போன வாரம்கூட மனசை விட்டுவிட வேண்டாம் என்று உனக்குச் சொல்லச் சொன்னார், நானும் சரி என்றேன். இப்போது உன் அக்காவும் அந்தப் பக்கம் வந்துவிட்டாள். ஒரு மாதமாக அவள் வாயில் டெஸ்ட், ட்ரையல், ரிகர்சல், செக்கிங், டெமோ தவிர வேறு பேச்சு கிடையாது, ஒன்றைச் சொல்ல வேண்டிய இடத்தில் இன்னொன்றைச் சொன்னால் கோபம் வேறு. நாம் செய்து பார், போட்டுப் பார், தின்று பார் என்று ஒரே ஒரு ‘பார்’ஐ வைத்துக்கொண்டு இத்தனை காலம் குடும்பம் நடத்திவிட்டோம். இங்கிலீஷ்காரன் எத்தனை முறை பயந்திருந்தால் இதற்கு இத்தனை சொல் சேர்த்து வைத்திருப்பான் என்று முதலில் சிரித்தேன். இப்போது சிரிப்பதில்லை, ஏன் என்று சொல்கிறேன்.

அக்கா கட்டுகிற ஆற்றுப்பாலத்தில் நடு இரண்டு தூண்களுக்கு இடையில் வரும் தளத்துக்கு கான்கிரீட் போட்ட அன்று கலவை இயந்திரம் பாதியில் நின்றுவிட்டது. நிறுத்துவதா, இயந்திரம் ஓடியதும் தொடர்வதா என்று கேட்டார்கள், தொடருங்கள் என்று சொன்னவள் உன் அக்கா. பாதி இறுகியதோடு பிறகு ஊற்றியது சரியாக ஒட்டியதா என்று வெளியே பார்த்து யாராலும் சொல்ல முடியாதாம். தலைமை இன்ஜினியர், பாரம் ஏற்றிப் பார்ப்போம், தேறாவிட்டால் அந்தப் பகுதியை இடிக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். இடித்தால் அதற்குப் பிறகு எந்தப் பாலத்தில் அவள் கால் வைத்தாலும் இந்தக் கதை முன்னால் போய் நிற்கும். அன்றிலிருந்து அவள் சாப்பிட உட்காருவாள், தட்டைப் பார்ப்பாள், எழுந்து போய்விடுவாள்.

முதலில் ரிகர்சல் நடந்தது, எந்த லாரி எங்கே நிற்க வேண்டும் என்று காலி லாரிகளை மேலே ஓட்டிப் பழகிக்கொண்டார்கள். பாலம் அசையவில்லை. கரையில் நின்ற கூட்டம் கைதட்டியது, கான்ட்ராக்டர் இனிப்பு வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார், உன் அம்மா சொந்தபந்தம் முழுக்கப் போன் போட்டுப் பாலம் பாஸ் என்று சொல்லிவிட்டாள், அப்போ தம்பிதான் பாக்கி என்றாராம் உன் மாமா. சாயங்காலம் அக்கா வந்து நிதானமாக, “அம்மா, டெஸ்ட் நாளைக்குத்தான்” என்றாள். அம்மா சற்று யோசித்துவிட்டு, “சரி, யார்கிட்டயும் சொல்லிக்காதே” என்றாள்.

மறுநாள் கைதட்ட ஒருவரும் வரவில்லை. சாப்பாடு கொண்டுபோன என்னை, தலையில் ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்து, அடியில் கட்டியிருந்த சாரத்தின் ஓரம் வரை விட்டார்கள். பாலத்தின் வயிற்றில் கைக்கடிகாரம் போல ஒரு கருவி, தளம் தலைமுடி கனம் இறங்கினால்கூட அதன் முள் காட்டிக்கொடுத்துவிடும். மேலே ஜல்லி ஏற்றிய லாரிகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. முள் நகர்ந்தது. இன்னொரு லாரி, இன்னும் நகர்ந்தது. அவ்வளவு பெரிய கல் என் தலைக்கு மேல் வளைகிறது, சத்தமே இல்லை. போச்சா என்று கேட்டேன். அக்கா முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல், “அசையலைன்னாதான்பா ஆச்சரியம், இவ்வளவு வளையும்னு நானே கணக்குப் போட்டு வச்சிருக்கேன். பாரத்தை எடுத்ததும் திரும்பி வருதா, அதுதான் டெஸ்ட்” என்றாள்.

ஒரு நாள் முழுக்க அந்த லாரிகள் அங்கேயே நின்றன. எடுத்ததும் முள் கொஞ்ச தூரம் விறுவிறுவென்று வந்தது, பிறகு, தேற வேண்டுமானால் இதுவரையாவது திரும்ப வேண்டும் என்று சிவப்பு மையில் குறித்திருந்த கோட்டுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. நாளைக் காலை வரை பொறுப்போம் என்று தலைமை இன்ஜினியர் சொல்லிவிட்டுப் போனார். காலையில் நானும் அவளும் மற்றவர்களுக்கு முன்னால் போய்விட்டோம். சாரத்தில் பாதி ஏறியவள் நின்று, “நீங்க பாருங்கப்பா, எனக்கு வேண்டாம்” என்றாள். ஏறிப் பார்த்தேன். முள் கோட்டைத் தாண்டி வந்திருந்தது. யாரும் தூக்கவில்லை, யாரும் தள்ளவில்லை, நாங்களெல்லாம் வீட்டில் படுத்திருந்த நேரத்தில் அத்தனை கான்கிரீட்டும் தானாக மெல்ல எழுந்து தன் இடத்துக்குப் போயிருக்கிறது. நான் படித்த புத்தகங்களில் எவ்வளவோ அற்புதங்கள் வருகின்றன, ஒன்றையும் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. கோட்டைத் தாண்டிவிட்டது என்று அவளுக்குக் கையை ஆட்டிக் காட்டினேன். அவள் சாரத்தின் குழாயைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள், கொஞ்ச நேரம் கழித்துச் சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள்.

இதை உனக்கு உபதேசமாக எழுதவில்லை, கான்கிரீட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். நேரத்துக்குத் தூங்கு, மேலதிகாரியிடம் உடனே பதில் சொல்லாதே, குளிருக்குக் காதை மூடு. நீயும் உன் வேலையும் நீடூழி நன்றாக இருக்க எங்கள் இருவருடைய ஆசிகள். மறக்காமல் அக்காவுக்குப் போன் செய். பாஸா என்று கேட்காதே, அதை எல்லோரும் கேட்டுவிட்டார்கள். எவ்வளவு வளைந்தது என்று கேள், அதை இன்னும் ஒருவரும் கேட்கவில்லை.

உன் அன்பு
அப்பா