மாதிரி வரைபடத்துக்கு அடியில்

இன்று காலை, ஒரு வருடமாக நான் திறக்காமல் விட்டிருந்த மேசை லாச்சியைத் திறந்தேன். உம்முடைய பென் டிரைவ் கிடந்தது. நாம் வேலை செய்த முதியோர் நிலையத்தில் எல்லாருடையதும் ஒரே கறுப்பு, மாறிப்போகும் என்று உம்முடையதில் மெரூன் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருந்தீர். நீர் செத்துப்போய் இவ்வளவு காலமாகியும் அந்தப் பொட்டு உதிரவில்லை. அதைக் கண்டதும் அழுகை வந்தது என்று எழுதத்தான் விருப்பம். ஆனால் வந்தது எரிச்சல். நான் பூசுகிற பூச்சு மூன்று நாள் தாங்காது.

உம்மீது எனக்கு எப்போதும் பொறாமை. லண்டன் ஈஸ்ட் ஹாமில் அந்த நிலையத்து வான் வண்டியில் நீர் சாரதியாகவும் நான் உதவியாளாகவும் வயோதிபர்களை ஏற்றி இறக்கிய முதல் வாரமே அது தொடங்கிவிட்டது. நீர் லீவில் நின்ற நாட்களில் நான் வான் கதவைத் திறந்தால் வணக்கம்கூட வராது. "மற்றப் பிள்ளை வரேல்லையோ?" என்பார்கள். ஐம்பது வயது தாண்டிய எனக்கு அந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் சுள்ளென்று ஏறும்.

வானில் இருந்த ஜிபிஎஸ் எந்தக் கட்டடத்துக்கும் முன்வாசலுக்கே கூட்டிப் போகும். சக்கர நாற்காலியில் வரும் ஐயா ஒருவரின் முன்வாசலிலோ பதினொரு படி. சாய்தளம் உள்ள கதவு பின்னால், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதையெல்லாம் வைத்து ஒரு வரைபடம் கீறப் போகிறேன் என்று கிளம்பினீர். சனிக்கிழமைகளில் போனைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பின் ஒழுங்கையிலும் நடந்தீர். கீறியதை முதலில் கம்ப்யூட்டரில் எமுலேட்டரில் ஏற்றிப் பார்க்கலாம், அது ஜிபிஎஸ் திரையை அப்படியே காட்டும், வானை எடுக்காமலே பாதையை ஓடிப் பழகலாம் என்று எனக்கு விளக்கினீர். நான் கொட்டாவி விட்டேன். அன்றே வீட்டுக்குப் போய் அதே எமுலேட்டரை நானும் இறக்கிக்கொண்டேன்.

உம்மைவிட நல்லதாக ஒன்று கீறிக் காட்டுவதுதான் என் எண்ணம். கீறினேன், ஏற்றினேன், திரையில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. எமுலேட்டரோடு கூடவே ஒரு மாதிரி வரைபடம் வருகிறது. லண்டனின் பெரிய வீதிகள் மட்டும், மிச்சமெல்லாம் சாம்பல் நிறம். அது மேலே படுத்துக்கொண்டு நாங்கள் கீறியதை மூடிவிடுகிறது. பட்டியலில் அதற்கு நேரே இருக்கிற சரி அடையாளத்தை எடுத்துவிட்டால் போதும். எடுத்துப் பார்த்தேன். என்னுடையது கண்றாவியாக இருந்தது, அழித்துவிட்டேன். சரி அடையாளத்தின் சங்கதியை ஒருவருக்கும் சொல்லவில்லை.

போக்குவரத்துப் பொறுப்பாளர் வேலைக்கு நாம் இருவருமே கேட்டிருந்தோம். நிர்வாகக் குழுவின் முன்னால் வரைபடத்தைக் காட்ட உம்முடைய முறை வந்தது. கீறி முடித்த கையோடு அன்றுதான் முதன்முதலாக எமுலேட்டரில் ஏற்றினீர். பெரிய திரையில் சாம்பல் நிறம். மறுபடி ஏற்றினீர், மறுபடியும் அதே சாம்பல். கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது உமக்கு. என் பக்கம் திரும்பி, "நீர் ஒருக்காப் பாருமன், என்ன பிழை எண்டு தெரியுதோ?" என்று கேட்டீர்.

"எனக்கு இதுகள் விளங்காது" என்றேன்.

வேலை எனக்குக் கிடைத்தது. அடுத்த நாள் ஒரு தட்டு ரோல்ஸோடு வந்து, "மெஷினுக்கு என்னைப் பிடிக்கேல்லைப் போல" என்று சிரித்தீர். நீர் சண்டை பிடித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அந்தச் சிரிப்பின் மீதும் பொறாமைதான் வந்தது.

நோய் வருத்தமாகி நீர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, உண்மையைச் சொல்லிவிடுவது என்று மூன்று தரம் வந்தேன். மூன்று தரமும் கட்டிலைச் சுற்றி ஆட்கள். எனக்கு வருத்தம் வந்தால் இவ்வளவு பேர் வருவார்களா என்று அங்கே நின்றும் எண்ணினேன், பாரும். கடைசி முறை இந்தப் பென் டிரைவைத் தந்தீர். "ஆருக்கும் தேவைப்பட்டாக் குடும்." ஓம் என்று வாங்கிவந்து லாச்சிக்குள் போட்டேன்.

நேற்று புதுச் சாரதியை ஜிபிஎஸ் ஐயா வீட்டு முன்வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. மன்னார்க்காரர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். ஐயா பின்கதவடியில் முக்கால் மணித்தியாலம் மழையில் நனைந்திருக்கிறார். "தங்கச்சி, வேற மேப் ஒண்டும் இல்லையோ?" என்று அண்ணை கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

அதனால்தான் இன்று லாச்சியைத் திறந்தேன். அண்ணையைப் பக்கத்தில் இருத்தி எமுலேட்டரில் ஏற்றினேன். அதே சாம்பல். சரி அடையாளத்தை எடுத்தேன். உம்முடைய ஒழுங்கைகள் பச்சைப் பச்சையாக வந்தன. ஒவ்வொரு வாசலிலும் ஒரு குறிப்பு. "ஐயாவுக்கு இடது காது கேக்காது. வலப்பக்கம் நிண்டு கூப்பிடவும்." "அம்மா கதவு பூட்டினதோ எண்டு ரெண்டு தரம் பார்ப்பா. அவசரப்படுத்த வேண்டாம்." என் வீட்டு வாசலிலும் ஒன்று: "இவவுக்கு முன் சீற். பின்னால இருந்தாத் தலை சுத்தும், சொல்ல மாட்டா." நான் உமக்கு அதைச் சொன்னதே இல்லை.

வரைபடத்தோடு ஒரு சின்னக் கடிதமும் இருந்தது. அண்ணைதான் உரத்து வாசித்தார். "மேப் தெரியாட்டிப் பொறுப்பாளரைக் கேளுங்கோ. அவவுக்குத் தெரியும்."

நான் பொறுப்பாளரான பிறகு எழுதியது. என்னை நம்பி எழுதினீரா, எல்லாம் தெரிந்தே எழுதினீரா? கேட்க நீர் இல்லை.

"நீங்களோ கீறினது, தங்கச்சி?"

"இல்லை அண்ணை. கீறினது அவ. மறைச்சது நான்."

அவருக்கு விளங்கவில்லை. விளங்கும்படி முழுவதையும் சொன்னேன். உம்மிடம் சொல்ல வேண்டியதை ஒரு மன்னார்க்காரரிடம் சொன்னேன். அவர் மணியைப் பார்த்துவிட்டு, "சரி, ஐயா பாத்துக்கொண்டிருப்பார்" என்று வான் திறப்புக் கொத்தை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

பத்து மணிக்கு ஐயா நனையாமல் வந்து இறங்கினார். "பின்பக்கம் வரச்சொல்லி மற்றப் பிள்ளையோ சொன்னது?" என்று என்னைக் கேட்டார். நீர் இல்லையென்பது அவருக்கு அடிக்கடி மறந்துபோகும்.

"ஓம் ஐயா, அவதான்."

சுள்ளென்றுதான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பென் டிரைவை என் வீட்டுத் திறப்புக் கொத்தில் கொழுவிக்கொண்டேன். திறப்பு உரசி உரசி அந்தப் பொட்டு உதிரத்தான் போகிறது. மெரூன் பூச்சு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். என் பூச்சு மூன்று நாள்தான் தாங்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை பூசுவேன்.