டோராவும் சர்க்கரை ஜாடியும்

இங்கிலாந்து,
மார்ச் 1941

அன்பு மகள் மியூரியலுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், ஜன்னல்கள்தான் சுகமில்லை, அதைப் பிறகு சொல்கிறேன். கனடாவில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டுமென்று நான் ஜெபிக்காத நாளில்லை.

குண்டு விழுந்து வீடிழந்த டோரா ஸ்கெல்டனை அரசாங்கத்தார் உன் அறையில் தங்க வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தேனே, வந்த அன்றிலிருந்தே எனக்கு அவள்மேல் ஒரு சந்தேகக் கண். ரேஷன் சர்க்கரையை அவரவர் ஜாடியில்தான் வைத்துக்கொள்கிறோம், ஆனால் விமானத் தாக்குதலுக்குச் சங்கு ஊதி நாங்கள் தோட்டத்துப் பதுங்குகுழிக்கு ஓடினால் இவள் மட்டும் வரமாட்டாள், "எனக்குக் குழிக்குள்ள மூச்சு முட்டும்க்கா, நீங்க போங்க" என்பாள். பக்கத்து வீட்டு பிக்கர்ஸ் அம்மாள் வேலியில் சாய்ந்துகொண்டு, "ஆளில்லாத வீட்டுல மட்டும் மூச்சு நல்லா வருதாக்கும். இதுக்கு முன்ன தங்க வெச்ச வீட்டுல சக்கர குறைஞ்சுதான் இவள வெளிய அனுப்புனாங்களாம்" என்று போட்டுவிட்டுப் போனாள். அன்றே என் ஜாடியில் பென்சிலால் கோடு கிழித்தேன். அடுத்த சங்கு ஓய்ந்து வந்து பார்த்தால் சர்க்கரை கோட்டுக்கு மேலே நிற்கிறது. குறைந்திருந்தால் திருடி என்று முடித்திருப்பேன், கூடினால் என்னவென்று நினைப்பது? எதையோ கலக்கிறாள் என்று பயந்து அப்பாவின் டீயை நான் குடித்துப் பார்த்துத்தான் கொடுத்தேன். அவரோ, "சக்கர கூடுதுன்னு போலீஸ்ல போய்ச் சொல்லு, சண்டைய மறந்து சிரிப்பாங்க" என்றார்.

போன திங்கள் துணி துவைக்கும்போது சங்கு ஊதியது. அப்பா துறைமுக வேலைக்குப் போயிருந்தார். கையும் களவுமாகப் பிடித்துவிடலாமென்று பதுங்குகுழியிலிருந்து திரும்பி வந்தேன். டோரா தன் ஜாடியிலிருந்து என் ஜாடிக்குச் சர்க்கரையை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள். "குறைஞ்சா இங்கருந்தும் அனுப்பிடுவீங்கன்னுதான்க்கா" என்றாள். பிறகு மெதுவாக, "அந்தக் குழில ரெண்டு பேரு உக்காரவே இடமில்லைன்னு உங்க வீட்டுக்காரரு சொன்னது என் காதுல விழுந்துச்சு" என்றாள். அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். குழிக்குள் இறங்கிக் கதவைச் சாத்தினோமோ இல்லையோ, பின்தெருவில் குண்டு விழுந்தது. வெளியே வந்து பார்த்தால் சமையலறை ஜன்னல் முழுவதும் அவள் நின்ற இடத்தில் கிடந்தது.

இப்போது டோரா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், குண்டு விழும் நேரத்தில் அக்கா என்னைத் தேடி ஓடிவந்தார்கள் என்று. பிக்கர்ஸ் அம்மாள்கூட என் கையைப் பிடித்து அழுதாள். எதைத் தேடி வந்தேன் என்பது எனக்கும் இப்போது உனக்கும்தான் தெரியும்.

குழந்தைக்கு என் முத்தம், கர்த்தர் உங்களைக் காக்கட்டும். பதில் எழுதும்போது இதைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம் மகளே, உன் பொடி எழுத்து என் கண்ணுக்குத் தெரியாது, அப்பாவின் கண்ணாடியும் உடைந்ததிலிருந்து உன் கடிதங்களை டோராதான் எங்களுக்கு வாசித்துக் காட்டுகிறாள்.

உன் அம்மா,
ஹெஸ்டர் ஆப்பிள்கார்த்