கூரைக்கு யாரும் தரவில்லை

அக்கா,

பனி உருகத் தொடங்கியதும் பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டுப் பேஸ்மென்டில் தண்ணீர் கசிந்துவிட்டது. சுவர்ப்பலகையைப் பெயர்த்தபோது கிளம்பிய பூஞ்சை வாடையில் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். லாசாலில் நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கதவைத் திறந்தால் முகத்தில் அடித்த அதே வாடை. நீங்கள் போன பிறகு உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது இதுதான் முதல் முறை.

நாம் முதலில் சந்தித்த அன்று, மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் என் மகள் மீரா தரையில் படுத்துக் கத்திக்கொண்டிருந்தாள். எல்லோரும் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். நீங்கள் மட்டும் பக்கத்தில் வந்து நின்றீர்கள். "பிள்ளை கதைக்குமோ?" என்று கேட்டீர்கள். இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை என்றேன். "என்ர மகனும் கதைக்க மாட்டான். வாங்கோ, ஒரு இடம் காட்டுறன்."

பழைய தையல் ஆலையின் மேல்மாடி அது. உங்கள் குகனை அரசுப் பள்ளியில் எந்த வகுப்பிலும் வைத்திருக்க மறுத்துவிட்டார்கள் என்பதால், நீங்களும் இன்னும் சில பெற்றோரும் சேர்ந்து தொடங்கிய பள்ளி. தமிழ்ப் பிள்ளைகள், ஹெய்ட்டிப் பிள்ளைகள், அல்ஜீரியப் பிள்ளைகள். பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருந்தார்கள். அரசின் அனுமதியும் இருந்தது. கூரைதான் ஒழுகியது.

அதற்காக நாம் ஏறி இறங்கிய அலுவலகங்களை நினைத்தால் இன்றும் கால் வலிக்கிறது. ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கி எடுக்கும் வேலையில் பழகிய பிரெஞ்சில் நீங்கள் பேசினீர்கள். கல்வித்துறை அதிகாரி அன்பாகத்தான் விளக்கினார். கற்பிக்கும் செலவில் ஒரு பங்கை அரசு தரும், இன்னொருவருக்குச் சொந்தமான கட்டடத்தில் பொதுப்பணத்தைப் போட முடியாது. அப்படியானால் நாமே வாங்கிவிடலாம் என்று வங்கிக்குப் போனோம். பள்ளி நடத்தும் அனுமதியைச் சில ஆண்டுகளுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும், கடனோ ஒரு தலைமுறைக்கு நீளும், எதை நம்பித் தருவது என்று கேட்டார்கள். திரும்பும் வழியில் பேருந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "படிப்பிக்கக் காசு இருக்கு. இருத்திப் படிப்பிக்கத்தான் காசு இல்லை."

எனக்குத் தெரிந்த டாக்டர்களிடமும் பேராசிரியர்களிடமும் கேட்டுப் பார்த்தேன். கணினி தந்தார்கள், பியானோகூட வந்தது. எல்லாவற்றிலும் கொடுத்தவரின் பெயர்ப்பலகை. கூரை என்றதும் பேச்சை மாற்றினார்கள். "கூரையிலை பேர் எழுதினா ஆர் அண்ணாந்து பாக்கப் போகினம்?" என்றீர்கள், சிரிக்காமல்.

ஒரு பெப்ரவரியில் மேற்கூரைப் பலகை சரிந்து நடு வகுப்பில் விழுந்தது. பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தார்கள். அதன் பிறகுதான் ஒரு வணிகர் வந்தார், நம் தமிழ் ஆள்தான். கட்டடத்தைத் தானே வாங்கிக் கூரையைப் போட்டுத் தருகிறேன், குறைந்த வாடகை போதும் என்றார். நீண்ட குத்தகை கேட்டீர்கள். "என்னை நம்ப மாட்டியளோ, அக்கா?" என்று கேட்டார். அவர் கொண்டுவந்த குறுகிய குத்தகையிலேயே கையெழுத்துப் போட்டீர்கள். என் காரில் ஏறிய பிறகு, "நம்பிக்கை இல்லை. வேற வாசலும் இல்லை" என்றீர்கள்.

கூரை வந்தது. அந்த நாட்களை நான் குறை சொல்ல மாட்டேன். மீரா படத்தைத் தொட்டுத் தண்ணீர் கேட்கக் கற்றது அந்தக் கூரைக்குக் கீழேதான்.

பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடி வீடுகளாகின. குத்தகை முடியும் தறுவாயில் அந்த வணிகர் வந்தார். உட்காரவில்லை. விற்கப்போவதாகச் சொன்னார். "நான் கெட்டவன் இல்லை. எனக்கும் பிள்ளையள் இருக்கினம்."

"உங்கட பிள்ளையளுக்குப் போக வேற இடம் இருக்கு" என்றீர்கள். குரல் உயரவே இல்லை.

தேவாலய மண்டபம் கேட்டோம், காலிக் கடைகள் பார்த்தோம். எதுவும் பள்ளிக்கான பாதுகாப்பு விதிகளுக்குள் அடங்கவில்லை. இடம் இல்லையென்றால் அனுமதி இல்லை என்றது அரசு. அனுமதி இல்லையென்றால் கடன் இல்லை என்றது வங்கி. ஜூனில் மூடினோம். கடைசி நாள் நீங்கள் தரையைக் கழுவினீர்கள். உடைக்கப்போற தரையை எதுக்குக்கா கழுவுறீங்க என்று கேட்டேன். "பிள்ளையள் இருந்த இடம்" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து கழுவினீர்கள்.

வேறு வழியில்லாமல் பெரிய அரசுப் பள்ளிக்கே திரும்பிய குகன் தன் கையைத் தானே கடிக்கத் தொடங்கினான். வாரத்தில் பாதி நாள் கூட்டிப்போகச் சொல்லித் தொலைபேசி வரும். நீங்கள் வேலையைக் குறைத்தீர்கள், பிறகு விட்டீர்கள். நெஞ்சு வலி என்று சொன்னபோது, ஆஸ்பத்திரிக்குப் போங்க, அவனை நான் பாத்துக்கறேன் என்றேன். நான் இல்லாமல் யாரோடும் இருக்க மாட்டான், பேந்து பாப்பம் என்றீர்கள். பிறகு என்று நீங்கள் சொன்ன அந்தப் 'பேந்து' வரவில்லை. அடுப்படியில் விழுந்துகிடந்த உங்களுக்குப் பக்கத்திலேயே, உங்கள் தங்கை வந்து கதவைத் திறக்கும்வரை குகன் உட்கார்ந்திருந்தான். அவனால் யாரையும் கூப்பிட முடியவில்லை.

இப்போது அவன் கோட்-டெ-நெய்ஜில் உங்கள் தங்கையோடு இருக்கிறான். உங்கள் உயரத்தைத் தாண்டிவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனையும் மீராவையும் நான் வெளியே கூட்டிப்போகிறேன். எங்கே புறப்பட்டாலும் லாசால் பேருந்துக்குத்தான் இழுப்பான். பழைய நிறுத்தத்தில் இறங்கி, பள்ளி இருந்த கட்டடத்தின் முன்னால் போய் நிற்பான். இப்போது அங்கே கண்ணாடிக் கதவு, உள்ளே செல்ல எண்ணை அழுத்தித் திறக்கும் பூட்டு. குடியிருப்பவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு, கதவு சாத்திக்கொள்ளும்வரை காத்திருந்து போகிறார்கள்.

முதல் தடவை அவன் கையைப் பிடித்து இழுத்தேன். என்னைக் கடித்துவிட்டான். புதிய ஆசிரியர்களிடம் நீங்கள் சொன்னது அப்போதுதான் காதில் கேட்டது: "இழுக்காதேங்கோ. பக்கத்திலை நில்லுங்கோ. அவன் தானா வருவான்."

பள்ளியைப் பூட்டிவிட்டார்கள் என்பதையும், நீங்கள் உள்ளே இல்லை என்பதையும் அவனிடம் சொல்ல எனக்கு ஒரு மொழியும் இல்லை, அக்கா. ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் மீரா. அவன் தானாகத் திரும்பும்வரை நிற்கிறேன். சில ஞாயிறுகளில் வெகுநேரம் ஆகிறது.