வாலுக்குள் வைத்த ஆண்டெனா

காலையில் கரையில் யாரோ ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரெசின் பசையின் வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது. வேலை முடிந்து அந்த வாடையைக் கையில் வைத்துக்கொண்டுதான் நாம் மீஞ்சூர் ரயிலில் திரும்புவோம். பக்கத்தில் இருப்பவர்கள் முகம் சுளித்து நகர்ந்துகொள்வார்கள்.

ஒரே குப்பத்தில் பிறந்து, ஒரே கம்பெனிக்கு வேலைக்குப் போனோம். கடலில் காணாமல் போகும் படகுகளைத் தேடும் ஆளில்லா விமானம், அதற்கு ஆண்டெனா செய்வது நம் வேலை. உன் அண்ணனின் படகு எஞ்சின் நின்று நீரோட்டத்தில் இழுபட்டுப் போன அன்று அதைத்தான் அனுப்பினார்கள். பேட்டரி தீரப் போகிறதென்று பாதியில் திரும்பிவிட்டது. மறுநாள் வேறு படகுக்காரர்கள் படகைக் கட்டி இழுத்து அவரை உயிரோடு கொண்டுவந்தார்கள். எல்லாரும் அவரைச் சுற்றி அழுதுகொண்டிருக்க, நீ என் கையைப் பிடித்து இழுத்தாய்.

"விமானத்து வயித்துக்குக் கீழ ஆண்டெனா கம்பிய நீட்டிவுட்டா காத்து புடிச்சு இழுக்காதா? பேட்டரி எல்லாம் அதுலயே போவுது. ஆண்டெனாவ வாலுக்குள்ள வச்சிடலாம்டி."

"கார்பன் வாலுடி. சிக்னல் வெளிய வராது."

"கிளாஸ் ஃபைபர்ல வேற வாலு பண்ணு. இன்னா இப்போ?"

அன்று தொடங்கியது சண்டை. எடை கூடும் என்று நான், கூடினால் என்ன என்று நீ. மேலாளர் மட்டும் சண்டைக்கே வரமாட்டார். "அப்புறம் பார்க்கலாம்மா" என்பார். அந்த அப்புறம் வருவதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை.

போன வாரம் நீ சொன்ன கிளாஸ் ஃபைபர் வாலைச் செய்து பொருத்தி, சோதனைக்குப் பறக்கவிட்டேன். கம்பி வைத்ததைவிட வெகுநேரம் ஏரிக்கு மேல் சுற்றியது. ஆனால் சாய்ந்து திரும்பும்போதெல்லாம் விமானத்தின் உடம்பே சிக்னலை மறைத்து, திரையில் படம் அறுந்துபோனது. சிறகு நுனியில் இன்னொரு ஆண்டெனா வைத்தால் சரியாகிவிடும் என்று வாதாடினேன். மேலாளர் கேட்கவில்லை. மாலைக்குள் பழைய கம்பியையே மாட்டிவிட்டார்கள்.

உன் அம்மா வழியில் நிறுத்திக் கேட்டார். "அவ சொன்னது சரியா, தப்பா?"

"பாதி சரிம்மா."

"பாதின்னா இன்னா? தேடப் போவுமா, போவாதா?"



அந்த இன்னொரு ஆண்டெனாவைக் கேட்க நாளை மறுபடி மேலாளரிடம் போகிறேன். மேசையைத் தட்டிக் கேட்க எனக்கு வராது. கண்ணில் தண்ணீர் வந்து தொலைக்கும். தட்டிக் கேட்க நீதான் சரியான ஆள். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு இப்படிப் போய்விட்டாயே என்ற எரிச்சல் இன்னும் என்னிடம் இருக்கிறது. அழுகைகூட அடங்கிவிட்டது, இது அடங்கவில்லை. அடங்க வேண்டாம். இதை வைத்துக்கொண்டுதான் கேட்கப் போகிறேன்.