வெய்யிலுக்கு முதுகு காட்டி நின்றவருக்கு

இன்று காலை பங்குக் கோயில் மண்டபத்துக் கூரையில் ஏசிப் பெட்டியைத் திறந்து தண்ணீர் அடித்தார்கள். உங்கள் சூட்கேஸ் வாசம் வந்தது.

சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன். ஹவுன்ஸ்லோவில் இந்தக் கிழமை முழுவதும் வெக்கை தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளின் முதல்நன்மைப் பூசையும் விருந்தும், மண்டபத்து ஏசியோ படுத்துவிட்டது. கூரைக் கதவின் திறப்பு இன்னும் என் சாவிக்கொத்தில்தான் இருக்கிறது. ஏசியைப் பார்த்துக்கொள்ள நீங்கள் வைத்திருந்ததைத் திருப்பிக் கேட்க அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை, எனக்கும் கொடுக்க மனம் வரவில்லை. அதனால் திருத்த வந்த பஞ்சாபிக்காரருக்குக் கதவைத் திறந்துவிட்டு நானும் பின்னாலேயே ஏறிப் போனேன். விமான நிலையத்து வீதிப் புழுதி முழுவதும் அந்தப் பெட்டிக்குள்தான் கிடந்தது. கொதித்துக்கொண்டிருந்த தகட்டில் தண்ணீர் பட்டதும் புழுதியும் இரும்பும் எண்ணெயும் சேர்ந்து ஒரு வாசம் எழும்பியது.

நீங்கள் ஹீத்ரோவில் வந்திறங்கிய அன்று, வீட்டில் உங்கள் சூட்கேஸை நான் திறந்தபோது வந்த அதே வாசம். ஒவ்வொரு சேட்டிலும் அது இருந்தது. துவைக்கத் துவைக்க மெசினுக்கு அடியில் மண் நின்றது.

"என்ன, பாலைவனத்தை மடிச்சுக் கொண்டு வந்திருக்கிறியளோ?" என்று கேட்டேன்.

"கொஞ்சத்தை விட்டிட்டுத்தான் வந்தனான்" என்றீர்கள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

மன்னாரில் கலியாணம் முடிந்து நாங்கள் சேர்ந்திருந்தது இரண்டு கிழமை. பிறகு நான் லண்டனுக்கு வந்துவிட்டேன், நீங்கள் கட்டாருக்குத் திரும்பிவிட்டீர்கள். விசாவுக்காகக் காத்துக் கிடந்த அந்த வருடங்களில் எனக்குப் புருசன் என்றால் ஒரு பெரிய காற்றாடிச் சத்தம்தான். விமான நிலையக் கடையில் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் இருக்கும்போது உங்கள் போன் கோல் வரும். அந்தச் சத்தத்துக்குள் உங்கள் குரலைப் பொறுக்கி எடுப்பதற்குள் எனக்குக் கோபமே வந்துவிடும்.

"கதைக்க வேறை இடமே கிடைக்கேல்லையோ?"

"கூரையிலை இதுக்குப் பின்னாலை மட்டும்தான் நிழல்."

அப்படித்தான் உங்கள் தொழில் எனக்கு அறிமுகமானது. கடைத்தொகுதிகளின் கூரையில் வரிசை வரிசையாக வான் வண்டி அளவு இரும்புப் பெட்டிகள். வெய்யில் காலத்தில் கட்டிடத்தைக் குளிராக்குவதும் அதுதான், குளிர் காலத்தில் சூடாக்குவதும் அதுதான். மண்காற்று அடித்தால் மூச்சு முட்டி நின்றுவிடும். ஸ்பானரை வாளித் தண்ணீருக்குள் போட்டு வைத்துத்தான் எடுப்போம், இல்லாவிட்டால் உள்ளங்கை பொசுங்கிவிடும் என்றீர்கள். "புளுகாதேங்கோ" என்று நான் சிரித்தேன். அப்போது நான் என்ன கண்டேன்?

இங்கே வந்து சேர்ந்த பிறகும் அதே வேலைதான் கிடைத்தது, விமான நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளின் கூரைகளில். எங்கள் சண்டையும் அந்த முதல் வசந்தத்தில்தான் தொடங்கியது. மாதக்கணக்காக மூடிக்கிடந்த வானம் திறந்து ஒருநாள் வெய்யில் எறித்தது. ஊரே புல்லில் கிடந்தது. நானும் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பூங்கா மர வாங்கில் சாய்ந்துகொண்டு முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடினேன். திடீரென்று இருட்டு. கண்ணைத் திறந்தால் எனக்கு முன்னால் நீங்கள், வெய்யிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கோட்டும் போட்டபடி.

"இஞ்சாருங்கோ, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோவன். வெய்யில் படட்டும்."

திடுக்கிட்டுத் தள்ளி நின்றீர்கள். அடுத்த முறையும் அதேதான். பஸ் தரிப்பிடத்தில், பள்ளிக்கூட வாசலில், எங்கேயும். பங்கில் எல்லோருமாகப் பிரைற்றன் கடற்கரைக்குப் போன அன்று நான் பாயை விரித்துப் படுத்தால் என் முகத்தில் மட்டும் நிழல். "என்னடி, உன்ரை மனுசனைக் குடைக்குப் பதிலாக் கொண்டு வந்தனியோ?" என்று பெண்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம்.

"இதெல்லாம் ஒரு வெய்யிலே எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள். பிறகேன் மறைக்கிறியள்?"

ஐஸ்கிறீம் வாங்கி வருகிறேன் என்று நடந்துவிட்டீர்கள்.

அதையாவது பகிடி என்று விட்டுவிடலாம். மற்றதுதான் என்னால் பொறுக்க முடியாதிருந்தது. ஒரு நாள் பின்வளவில் நீங்கள் குந்தியிருந்து மகளின் சைக்கிளைத் திருத்திக்கொண்டிருந்தீர்கள். நான் உடுப்பு காயப்போட வந்து உங்களுக்குப் பின்னால் நின்றேன். என் நிழல் உங்கள் கையில் விழுந்ததுதான் தாமதம், "அங்காலை போம்!" என்று கத்தினீர்கள். என்னை அதட்டி அறியாத மனிதர்! கையிலிருந்த துவாயைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். என் நிழல்கூட உங்களுக்கு ஆகாதா என்று அன்று அழுதேன். எனக்கு வெய்யில் மறைக்க ஓடி ஓடி வருகிறவர், தனக்காக ஒரு நிமிடம் என்னை நிற்க விடமாட்டார். இது என்ன வகை அன்பு என்று எனக்கு விளங்கவேயில்லை.

ராயப்பு அண்ணைதான் விளக்கினார். கட்டாரில் கூரையில் உங்களோடு சோடியாக வேலை செய்தவர், பிறகு பாரிசுக்குப் போனவர். ஒரு ஞானஸ்நானத்துக்கு லண்டன் வந்தபோது எங்கள் வீட்டில் தங்கினார். நீங்கள் பால் வாங்கக் கடைக்குப் போயிருந்தீர்கள். நான் சிரிப்பாகத்தான் முறைப்பாடு சொல்லத் தொடங்கினேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"தங்கச்சி, அது எங்கடை வேலை முறை. ஒருத்தன் குந்தியிருந்து திருத்துவான், மற்றவன் வெய்யிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிப்பான். நிக்கிறவன்ரை நிழல் மற்றவன்ரை கையிலை விழவேணும். இல்லாட்டித் தகரத்திலை கை வைக்கேலாது. ஒரு பெட்டிக்கு நான் நிண்டால் அடுத்த பெட்டிக்கு அவன். ஏலாமல் வந்தால் நிக்கிறவன்தான் 'ஆள் மாறு' எண்டு சொல்லவேணும். குந்தியிருக்கிறவனுக்கு நேரம் தெரியாது."

ஒரு தடவை, மண்காற்று அடித்து ஓய்ந்த மறுநாளாம். காற்றாடி மோட்டரில் ஒரு திருகாணி இறுகிப்போய்க் கழலவில்லையாம். நீங்கள் குந்தியிருந்தீர்கள், அவர் நின்றார். "இந்தா முடிஞ்சுது, இந்தா முடிஞ்சுது" என்று நீங்கள் சொல்லச் சொல்ல, அவரும் ஆள் மாறச் சொல்லாமல் நின்றுவிட்டார்.

"நான் விழுந்த சத்தம் அவனுக்குக் கேக்கேல்லை, தங்கச்சி. பக்கத்துப் பெட்டியளின்ரை காற்றாடி இரைச்சல். திடீரெண்டு தன்ரை கையிலை வெய்யில் பட்டுதாம். அப்பதான் திரும்பிப் பாத்தவன்."

அவரை முதுகில் சுமந்துகொண்டு இரும்புப் படிகளில் நீங்கள் இறங்கியதையும், ஆஸ்பத்திரியில் அவர் கண் திறக்கும்வரை வாசலில் நின்றதையும் சொன்னார். "அதுக்குப் பிறகு உம்மடை மனுசன் ஒரு பெட்டிக்கும் குந்தேல்லை. 'நீ செய், நான் நிக்கிறன்' எண்டுவான். நான் பாரிசுக்கு வெளிக்கிடும் மட்டும் அவன்தான் நிண்டவன்."

நீங்கள் பாலோடு உள்ளே வந்தீர்கள். எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். "பால் வாங்க இவ்வளவு நேரமோ?" என்று நான் சத்தம் போட்டேன். வேறு என்ன செய்வேன்? அதன் பிறகும் வெய்யில் நாட்களில் "தள்ளுங்கோ" என்று சொல்லத்தான் செய்தேன். சொல்லாமல் விட்டால் உங்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். ஆனால் கொஞ்ச நேரம் நிற்க விட்டுத்தான் சொன்னேன், கவனித்தீர்களா?

பிறகு அந்தக் கடைசிக் கோடை. நோய்க்குக் கொடுத்த மருந்தினால் உங்கள் உடம்பில் வெய்யில் படக்கூடாது என்றார்கள். நீங்களோ ஆஸ்பத்திரி வார்ட்டில் கிடந்து, கூரையில் ஏசிக் காற்று வரும் துவாரத்தின் சத்தத்தைக் கேட்டு "காற்றாடிப் பெல்ற் தளந்து போச்சு, ஆரும் பாக்கிறாங்கள் இல்லை" என்று புறுபுறுத்துக்கொண்டிருந்தீர்கள். "உள்ளை மூச்சு முட்டுது, வெளியிலை கொண்டு போம்" என்றீர்கள். சக்கர நாற்காலியில் வைத்துத் தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். நாலு ரோசாச் செடி, ஒரு வாங்கு. பேருக்குக்கூட நிழல் இல்லை. கட்டிடத்துக்கு மேலால் வெய்யில் வந்து உங்கள் கையில் விழுந்தது. நான் போய் முன்னால் நின்றேன்.

"அங்காலை போம்."

"மாட்டன்."

"சொன்னால் கேளும்."

"காலமை புட்டுச் சாப்பிட்டனான். தண்ணியும் குடிச்சனான். நான் விழமாட்டன்."

அப்போதுதான் தலையை நிமிர்த்திப் பார்த்தீர்கள். "ராயப்பு சொன்னவனே?"

"ஓம்."

போர்வைக்கு மேல் கிடந்த உங்கள் இரண்டு கைகளையும், அவற்றின்மேல் விழுந்திருந்த என் நிழலையும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இன்னொரு முறை போகச் சொன்னால், அந்த நிலையில் உங்களோடு சண்டை பிடிக்க எனக்குத் தெம்பில்லை, விலகத்தான் வேண்டும். இவ்வளவு காலம் குடும்பம் நடத்தியும் உங்களுக்காக ஒரு தடவை வெய்யிலில் நிற்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை என்றாகிவிடும்.

"சரி, நில்லும்" என்றீர்கள். பிறகு மெதுவாக, "களைச்சால் சொல்லும். ஆள் மாறுவம்."

இரண்டு பேர் பிடிக்காமல் அந்த நாற்காலியை விட்டு எழும்ப முடியாத மனிதர் சொல்கிற கதையா அது? வெய்யிலுக்கு முதுகு காட்டி நின்றதால் என் முகம் உங்களுக்கு இருட்டாகத்தான் தெரிந்திருக்கும். நல்லதாகப் போயிற்று. நீங்கள் கண் அயர்ந்த பிறகும் நின்றேன். வெய்யில் நகர நகர நானும் நகர்ந்தேன். அன்றிலிருந்து வெய்யில் எறித்த நாளெல்லாம் அதுதான் எங்கள் வேலை. இலை கொட்டத் தொடங்குமுன் நீங்கள் போய்விட்டீர்கள்.

இந்த வசந்தத்தில் அந்தப் பூங்கா வாங்கில் போய் இருந்து பார்த்தேன். முகம் முழுக்க வெய்யில் பட்டது. ஒருவரும் வந்து மறைக்கவில்லை. இருக்க முடியாமல் எழும்பி வந்துவிட்டேன்.

இன்று கூரையில் பஞ்சாபிக்காரர் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்து கையை உதறி உதறி வேலை செய்துகொண்டிருந்தார். என் கால் தானாகவே போய் அவருக்குப் பின்னால் நின்றுவிட்டது. "ஆன்ரி, வெளிச்சத்தை மறைக்கிறீர்கள்" என்றார் இங்கிலீசில், சிரித்துக்கொண்டே. உங்களுக்கு நான் சொன்னதெல்லாம் எனக்கே திரும்பி வந்தது. அவர் வைத்திருந்த மீற்றரில் வெளிச்சம் விழவும் கையில் நிழல் விழவும் பார்த்து ஒரு அடி தள்ளி நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவர் கையை உதறுவதை நிறுத்திவிட்டார். காற்றாடி சுற்றத் தொடங்கியது, வருடக்கணக்காக எனக்குப் போனில் கேட்ட அதே இரைச்சல்.

"கீழே போய் இருங்கள் ஆன்ரி, களைத்திருப்பீர்கள்" என்றார் அவர்.

அந்த இரைச்சலுக்குள் நான் சொன்ன பதில் அவருக்கு எங்கே கேட்டிருக்கப்போகிறது? கேட்டாலும் விளங்கியிருக்காது, நான் தமிழில், உங்களுக்கு அல்லவா சொன்னேன்.

"இல்லையப்பா. எனக்கு இன்னும் களைக்கேல்லை."